லோசானில் மேலே போகும் வண்டி

எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழி நாள். காலை ஏழு மணி ரயிலில் சூரிச்சிலிருந்து புறப்பட்டேன். லோசானில் பத்து மணிக்கு என் தம்பியைத் தகனம் செய்கிறார்கள். அதற்குமுன் முகம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் பயணம். அகதிகளாக வந்த எங்களில் என்னைச் சூரிச் பக்கம் ஷ்லீரனுக்கும் அவனை லோசானுக்கும் பிரித்துப் போட்டிருந்தார்கள். தொழிற்சாலையில் கெஞ்சியும் இந்த ஒரு பகல்தான் லீவு கிடைத்தது.

ஃப்ரிபூர்க் தாண்டியதும் எல்லாமே பிரெஞ்சு. பல்லைக் கடித்துப் படித்த டொச், அதுதான் ஜெர்மன், அத்தோடு உதவாமற் போனது. ஒரு சுரங்கம் முடிந்ததும் கீழே ஏரி விரிந்தது. பெட்டியில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு எழுந்து போனார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

தம்பியின் அறைத்தோழன் குணம் தொலைபேசியில் வழி சொல்லியிருந்தான். "அண்ணை, ஸ்டேஷனுக்கு முன்னாலை மெட்ரோ இருக்கு. அதிலை மேலை வாங்கோ. பிறகு பஸ். நான் தம்பியோடை நிக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் ஏது மேடு, ஏது பள்ளம்? மேலே ஒன்று, கீழே ஒன்று போகும் என்று எண்ணாமல் முதலில் வந்த வண்டியில் ஏறிவிட்டேன். சுரங்க இருட்டில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் ஊஷி என்ற கீழ்க்கோடி நிலையம், ஏரிக்கரை. ஒருத்தி அன்னங்களுக்குப் பாண் போட்டுக்கொண்டிருந்தாள். டொச்சில் கேட்டேன், தோளைக் குலுக்கினாள். கூடப்பிறந்தவன் வராமல் சவப்பெட்டியை மூடமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறி, பஸ் பிடித்தேன்.

பத்தரை தாண்டிவிட்டது. குணம் தகன மண்டபத்துக்கு வெளியே நின்றான்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ, தமையன் வாறார் எண்டு கேட்டுப் பாத்தனான். அடுத்த ஆக்கள் வந்திட்டினமாம்."

அந்த அடுத்த ஆட்கள் கறுப்புக் கோட்டுகளோடு வாசலில் நின்றார்கள். அழுதுகொண்டிருந்த என் கையை ஒரு கிழவர் பிடித்துக் குலுக்கினார். தங்கள் வீட்டுச் சாவுக்கு வந்தவன் என்று நினைத்திருப்பார்.

எங்கள் ஊரில் கூடப்பிறந்தவன் வரும்வரை பிணம் பொழுது சாய்ந்தாலும் காத்துக் கிடக்கும். அந்த நம்பிக்கையில்தான் ஏரிக்கரையில் எனக்குப் பதற்றம் குறைந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வேகிறது.

குணம் ஸ்டேஷன் வரை வந்தான். ரயிலில் ஏறுமுன் கேட்டேன்.

"முகம் எப்பிடி இருந்தது?"

அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தான்.

"உங்களைப் போலத்தான் இருந்தவன், அண்ணை."

ரயில் நேரத்துக்குப் புறப்பட்டது. ஏரி தெரியும் பக்கம் இடமிருந்தும், மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். சுரங்கத்துக்குள் நுழைந்தபோது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.