சுரங்கத்து வாசலில் ஒரு கை தண்ணீர்

அக்கா மகள் போன வாரம் எனக்கு ஒரு செம்புப் பாட்டில் வாங்கி வந்தாள். "மாமா, இதுல தண்ணி ஊத்தி வச்சுக் குடிங்க, வயித்துக்கு நல்லது" என்றாள். மூடியைத் திறந்தேன். பழைய காசைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை. நாக்கின் ஓரம் சுருண்டுகொண்டது. பாட்டிலை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். அவளுக்கு வருத்தம்தான். என் வயிற்றுக்கும் செம்புக்கும் உள்ள பழைய உறவு அவளுக்கு எப்படித் தெரியும்?

ஓமானில், மலைகளுக்கு நடுவே குழாய் பதிக்கும் வேலையில் இருந்தேன். எட்டாவதோடு பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பியவனை எந்த ஊரும் அதிக நாள் வைத்துக்கொண்டதில்லை. கோடையில் அங்கே கம்பியைத் தொட்டால் தோல் கழன்று வரும். மார்கழி, தையில்தான் மனிதன் நடக்க முடியும். வெள்ளிக்கிழமை லீவில் மற்றவர்கள் துவைப்பார்கள், தூங்குவார்கள். எனக்குக் கால் சும்மா இருக்காது. துணைக்கு வருவார் கஸ்பார் அண்ணன். எங்கள் ஆறு கடலில் சேரும் புன்னக்காயல்காரர், மீன் வலையை விட்டுவிட்டுக் குழாய்க்கு வந்தவர். "கடலத்தான் காணோம், கல்லயாவது பாப்பம்" என்று முனகிக்கொண்டே நடப்பார்.

அன்றைக்குப் போனது, எந்தக் காலத்திலோ செம்பு வெட்டி முடித்துக் கைவிட்ட சுரங்கத்துக்கு. ஆட்டுக்காரர் ஒருவர் கை காட்டிய வழி. இரண்டு பக்கமும் செங்குத்தாய் மொட்டை மலை, நடுவில் தண்ணீரில்லாத ஆறு. பாறை பாறையாய் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. வாசலில் செம்பு உருக்கிக் கழித்துக் கொட்டிய கிட்டம் கறுப்புக் கண்ணாடி மாதிரி குவிந்து கிடந்தது. பாறையெல்லாம் பச்சைக் களிம்பு. உள்ளே கொஞ்சம் தள்ளி ஒரு குட்டை. வேட்டிக்கு நீலம் கரைத்த தண்ணீர் போல இருந்தது.

கொண்டுபோன தண்ணீர் தீர்ந்திருந்தது. நான் குனிந்தேன்.

"ஏலே, பைய. அதுல ஒரு பூச்சிகூட இல்ல பாத்தியா? மீன் இல்லாத தண்ணியில வாய வைக்காத."

"செம்புத் தண்ணிண்ணே. எங்க ஆத்துத் தண்ணியும் செம்புதான், பேருலயே தாமிரம் இருக்கு. அதக் குடிச்சுத்தான் நாங்க சீக்கு இல்லாமக் கெடக்கோம்."

"எங்க ஆறாம்லா! நீங்க குடிச்சு, குளிச்சு, மாடு கழுவி, மிச்சத்தத்தான எங்களுக்கு அனுப்புதீய. எங்ககிட்ட வரயில உப்புல்லா கரிக்கி."

சிரித்துக்கொண்டே வயிறு முட்டக் குடித்தேன். ஊர்ப்பெருமை, வேறென்ன?

திரும்பி வரும் வழியில் குடலை யாரோ பிழிந்தார்கள். வாந்தி நீலமாக வந்தது. மணலில் படுத்துவிட்டேன். பயமில்லை. அலுப்புதான். மணல் குளிர்ச்சியாக இருந்தது. இங்கேயே கிடந்துவிடலாம் என்று பட்டது.

அண்ணன் மலை உச்சியைப் பார்த்தார். அங்கே கறுத்திருந்தது.

"அங்கன மழ எறங்கிட்டு. நீ படுத்திருக்கது ஆத்துக்குள்ளலே. தண்ணி வந்தா நம்மள அரிச்சுத்தான் எடுக்கணும். எந்திரி."

"முடியலண்ணே. நீங்க போங்க."

"போயி ஒங்கக்காகிட்ட என்ன சொல்ல? நீலத் தண்ணி குடிச்சுச் செத்தான்னா? ஊரே சிரிக்கும்." என் கையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கண்ண மூடாத. ஒங்க ஆத்தச் சொல்லு. மேலேருந்து துறை துறையாச் சொல்லு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கை அள்ளிக் குடிச்சுக்க."

பாபநாசம் என்றேன்.

"குடிச்சியா?"

"ம்."

"எப்பிடி இருக்கு?"

"பல்லு கூசுது."

அம்பாசமுத்திரம். திருப்புடைமருதூர். சேரன்மகாதேவி. ஒவ்வொன்றுக்கும் "குடிச்சியா?" என்று கேட்டார். பதில் வராவிட்டால் விலாவில் குத்தினார். நான் நீந்தப் பழகிய குறுக்குத்துறை வந்தபோது அழுதேன் என்று நினைக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் கால் மடிந்துவிட்டது. முதுகில் தூக்கிக்கொண்டார். ஏரலையும் ஆத்தூரையும் மூச்சிரைக்க அவரே சொன்னார். "புன்னக்காயல்" என்றபோது ஆட்டுத்தடத்தில் ஏறி மேட்டுக்கு வந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கீழே செந்தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் நடந்த மணலைக் காணோம்.

"இதயும் ஒரு கை குடிச்சுப் பாக்கியா?" என்றார்.

அந்தச் சுரங்கத்துக்கு இப்போது வேலி போட்டுவிட்டார்களாம். அண்ணன் ஊர் திரும்பி, மறுபடியும் கடலுக்குப் போய், நோயில் படுத்துப் போயும் சேர்ந்துவிட்டார்.

நேற்று, அக்கா மகள் மனம் நோக வேண்டாமே என்று, பாட்டிலோடு குறுக்குத்துறைக்குப் போனேன். படியோரம் நுரை நின்றது. சாக்கடை வாடை. பரிகாரம் முடித்து யார் யாரோ அவிழ்த்துப் போட்ட துணிகள் மூட்டை மூட்டையாக மிதந்தன. மூடியைத் திறக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் மேலேயிருந்து துறை துறையாகச் சொல்லிப் பார்த்தேன். பாபநாசத்தில் கொஞ்சம் யோசித்தேன். அதற்குப் பிறகு ஒரு துறையிலும் குனிய மனம் வரவில்லை. எங்கும் நிற்காமல் புன்னக்காயலுக்கு வந்துவிட்டேன். அங்கே "குடிச்சியா?" என்று கேட்கவும் ஆளில்லை.