காதர் பாய் தகரத்தில் கீறிய எட்டணா

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை. காளைகளின் கொம்புக்குப் பூசி மிச்சமான சிவப்புச் சாயத்தை வைத்துக்கொண்டு ஈயக் குதிரைவீரன் ஒருவனுக்குச் சட்டை தீட்டிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லிக்குப் புண்ணாக்கு ஏற்றிவரப் போன என் வண்டிக்காரன் பொன்னன், மூட்டையைக்கூட இறக்காமல் வந்து எதிரே நின்றான்.

"அண்ணாத்தே, ஈயக்கட பாய் பூட்டாரு."

"இன்னாடா சொல்றே? போன வெள்ளிக்கிழம கஞ்சி குடிச்சாரே, நானே பாத்தேன்."

"காலைல பூட்டாராம். அடக்கம் மத்தியானம். ஊட்டாண்ட ஒரே ஜனம்."

கள்ளிக்குப்பத்திலிருந்து பூந்தமல்லிக்கு என் காளைகள் அன்றைக்கு அரை மணி நேரத்தில் ஓடின. யாரும் நம்ப வேண்டாம், ஓடிய காளைகளுக்குத் தெரியும். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து நானும் தோள் கொடுத்தேன். ஆயிரம் பேர் இருந்தார்கள். காதர் பாயின் உடம்பு கனக்கவே இல்லை. வியர்வையில் ஊறிய என் சாய விரல் பட்டு, மேலே போர்த்திய துணியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் அண்டாவுக்கும் அடுக்குக்கும் ஈயம் பூசிக் கொடுத்த மனிதர். எனக்கு அவர் எதிரி நாட்டு ராஜா. பன்னிரண்டு வருடம் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தால் அவர் கடை திறக்க மாட்டார். கடைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் மணலைக் கொட்டி, குன்றும் பள்ளமும் ஆற்றங்கரையும் செய்து, ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்துவோம். காலாள் ஒரு ஈர்க்குச்சி தூரம் நகரலாம், குதிரை இரண்டு. யார் விழுந்தார் யார் நின்றார் என்று தாயக்கட்டை சொல்லும். மூன்றாவது தளபதி அவருடைய தம்பி யூசுப். எங்கள் இருவரையும்விட அவன் கெட்டிக்காரன். எழுதுகிற நான் அப்படிச் சொல்வதிலிருந்தே அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது தொடங்கிய விதம் வேடிக்கையானது. ஒரு துரை பங்களாவுக்குப் பாத்திரம் பூசப் போன காதர் பாய், குப்பையில் கிடந்த பொம்மைச் சிப்பாய் ஒன்றை எடுத்துவந்தார். அதைக் களிமண்ணில் பதித்து அச்செடுத்து ஈயத்தை உருக்கி ஊற்றினார். ஒரே நாளில் இருபது பேர் பிறந்தார்கள். குப்பையில் கிடந்தவனுக்கு ஒரு கால் உடைந்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. எங்கள் முதல் படையில் அத்தனை பேரும் ஒற்றைக் காலர்கள்தான். "பரவால்ல நைனா, இவனுங்க தோத்தா ஓட மாட்டானுங்க" என்றார் பாய்.

முதல் வருடம் எங்களுக்குக் கை கட்டுப்படவில்லை. முக்கியமாக எனக்கு. பீரங்கி வேண்டும், கொடி வேண்டும், சீமையில் செய்த சிப்பாய் வேண்டும் என்று மூர் மார்க்கெட்டுக்கு நடையாய் நடந்தேன். ஒருநாள் என் சம்சாரம் வள்ளியம்மாள் வண்டியேறிப் பூந்தமல்லிக்கே வந்து கடை வாசலில் நின்றாள்.

"பாய், எம் புருசன் புண்ணாக்கு காச கொணாந்து இங்க பொம்மைக்குக் குடுத்துட்டாரு. மாடு இன்னா, ஈயமா துன்னும்?"

காதர் பாய் மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டிப் பிரித்துத் தட்டையாக்கினார். ஆணியால் மூன்று பெயர்களைக் கீறினார். ஆளுக்கு மாதம் எட்டணா, பாயின் டப்பாவில் சேரும். ஈயமோ சாயமோ பீரங்கியோ, சண்டைக்கென்று ஆகும் செலவெல்லாம் அதற்குள்தான். மிச்சம் பிடித்தால் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம், முன்பணம் மட்டும் கிடையாது. கையில் சாயம் பூசாத சிப்பாய் ஒருவன் இருக்கும்வரை புதியவனை வாங்கக் கூடாது. யாராவது இனாமாகக் கொடுத்தால் அது செலவில் சேராது, ஆனால் மூன்று படைக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். காகிதத்தில் எழுதினால் நான் அழித்துவிடுவேனாம், அதனால்தான் தகரம்.

நான் சும்மா இருப்பேனா? "பாய், அடுத்த மாச எட்டணாவ இப்பவே குடு" என்று மாதா மாதம் கேட்பேன்.

"அடுத்த மாசம் வந்தா நீயும் கீறே, உன் ஆசையும் கீது. அதுக்கு அப்ப இன்னா குடுப்பே?"

"கஞ்சன்யா நீ."

"கஞ்சன் வாங்க மாட்டான் நைனா. நான் வாங்குவேன். கீறத எண்ணிட்டு வாங்குவேன்."

எத்தனையோ பெரிய மனிதர்களோடு பழகியவன் நான். இப்படி என்னை மடக்கியவர் அவர் ஒருவர்தான்.

இப்போது குதிரைகளுக்கு வருகிறேன். யுத்தம் தொடங்கிய புதிது. ஊருக்குக் கப்பலேறும் ஒரு துரைசானி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டாள். நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் பன்னிரண்டு ஈயக் குதிரைவீரர்கள். எல்லாருக்கும் இரண்டு காலும் இருந்தன. ஆறு ரூபாய்க்கு எடுத்துவிட்டேன். ஆறு ரூபாய் என்றால் பன்னிரண்டு மாதப் பங்கு. தகரம் ஒத்துக்கொள்ளாது. அப்போது ஆவடி ராணுவ முகாமுக்கு என் வண்டிகள் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டேன். முகாமில் எனக்கு ஒரு கேப்டன் துரை சிநேகிதம், என் காளைகளைப் பார்த்து மயங்கி இந்தப் பெட்டியை இனாமாகக் கொடுத்தார் என்று பாயிடம் சொன்னேன். கேப்டனுக்குச் செம்பட்டை மீசை வைத்தேன். நொண்டிக் குதிரை ஒன்று கொடுத்தேன். தமிழில் இரண்டு கெட்ட வார்த்தையும் சொல்லிக் கொடுத்தேன்.

காதர் பாய் குதிரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மனுசன்" என்றார். தகரத்தில் 'இனாம்' என்று கீறி, எனக்கு நான்கு, தனக்கு நான்கு, யூசுப்புக்கு நான்கு என்று பிரித்துவிட்டார். என் காசில் வாங்கிய குதிரைகள் அடுத்த வெள்ளிக்கிழமையே என்மீது பாய்ந்தன. அத்தோடு போயிருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை.

யூசுப் நிஜமான பட்டாளத்தில் சேர்ந்தான். "ஈர்க்குச்சில அளந்தது போதும் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். மலாயா என்றார்கள். அவனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மணலைச் சமன்படுத்திக்கொண்டே பாய் தலை நிமிராமல் கேட்டார்: "நைனா, உன் கேப்டன் துரைகிட்ட யூசுப்பப் பத்தி ஒரு வார்த்த விசாரிக்கிறியா?"

அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆறு ரூபாய் விஷயம், திட்டியிருப்பார், முடிந்திருக்கும். நான் சொன்னது, "அதுக்கின்னா பாய், நாளைக்கே கேக்கறேன்."

அடுத்த வாரம், கேப்டன் விசாரிக்கிறார் என்றேன். அதற்கடுத்த வாரம், மேலே எழுதிப் போட்டிருக்கிறார் என்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாயின் முகம் என் வாயைப் பார்த்தபடி இருக்கும். அந்த முகத்துக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒருநாள் சொல்லிவிட்டேன்: "யூசுப் ஜப்பான்காரங்கிட்ட கைதியா கீறானாம். உசுரோட கீறான்னு கேப்டன் பாத்து சொன்னாரு."

பாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மனைவியிடம் சொல்லும் குரல் கேட்டது. பிறகு தகரத்தை எடுத்துவந்து, யூசுப் போன நாளிலிருந்து நின்றுபோயிருந்த அவன் வரிசையில் விட்ட மாதங்களையெல்லாம் கோடு கோடாகக் கீறினார். மாதத்துக்கு எட்டணா வீதம் தன் கையிலிருந்து டப்பாவில் போட்டார். "அவன் வந்தா அவன் படைக்குக் காசு இல்லன்னு ஆவக் கூடாது" என்றார். அப்போது யுத்தத்தால் ஈயத்தின் விலை ஏறி, எட்டணாவுக்குப் பத்துச் சிப்பாய் வார்த்த இடத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள். தன் பங்குக்கு அவர் புதிதாக ஒன்றும் வார்க்கவில்லை. உடைந்தவர்களையே உருக்கி மறுபடி நிறுத்தினார். யூசுப்பின் எட்டணா மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை.

யுத்தம் முடிந்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பினார்கள். பட்டாளத்து ரயில் வருகிறதென்று கேள்விப்பட்டால் பாய் என் வண்டியில் ஆவடிக்கு வந்துவிடுவார். இறங்கும் ஒவ்வொருவனையும் பார்ப்பார். கடைசி ஆள் போன பிறகும் காலிப் பெட்டிகளைப் பார்ப்பார். திரும்பும் வழியில் என்னைத்தான் தேற்றுவார்: "கேப்டன் சொல்லிக்கீறாரே நைனா. லேட்டாவுது, அவ்ளோதான்."

போன ஐப்பசியில் இருமல் அவரைப் படுக்க வைத்தது. நான் பார்க்கப் போனபோது தலைமாட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கேரியரை எடுத்தார். மூன்று அடுக்கு. உள்ளே வெள்ளியாக மின்னும்படி ஈயம் பூசியிருந்தார். அந்த உடம்போடு எப்படி உலையின் முன்னால் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

"இது கேப்டன் துரைக்கு. இத்தினி வருசம் எனக்கோசரம் அலைஞ்சிக்கீறாரு. என்னை ஒருக்கா இட்டுகினு போ நைனா. ஒரு சலாம் வச்சிட்டு வந்துடறேன்."

என் வாய் எத்தனையோ இடத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு அது வரவில்லை.

"பாய், கேப்டன் இல்ல."

"மாத்திட்டாங்களா?"

"எப்பவுமே இல்ல. குதிரைங்கள நான் ஏலத்துல வாங்கினேன். ஆறு ரூவா."

"அப்ப யூசுப் உசுரோட கீறான்னு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் தைரியமில்லை. பிறகு, திரும்பாமலே, "தகரத்த எடு" என்றார்.

எழுந்து உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆணியால் 'இனாம்' என்பதன்மேல் கோடு கிழித்தார். பக்கத்தில் 'விலைக்கு, ரூ. 6' என்று கீறினார். "பன்னெண்டு மாசம் உனக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு ஈயக் குண்டுகூட வாங்கக் கூடாது. வாங்கினது எல்லாம் உன்னுது, என் நாலு குதிரையையும் எடுத்துக்க."

"யூசுப்போட நாலு?"

"அத அவன் வந்து குடுப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவன் எட்டணா நிக்கக் கூடாது. அது ஓடட்டும்."

என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் போனேன். அவர் படுத்தபடி ஆட்டம் சொல்ல, நான் இரண்டு பக்கமும் நகர்த்தினேன். கேப்டனைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. தூரத்தில் ஆவடிப் பக்கம் ரயில் ஊதும் சத்தம் கேட்டால் மட்டும் கட்டை உருட்டுவதை நிறுத்தச் சொல்வார்.

மேலே ஆயிரம் பேர் என்று எழுதினேன். ஐம்பது பேர் இருக்கும். காளைகளுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவரைப் பற்றி எழுதும் இடத்திலாவது இவற்றைக் கீறித் திருத்திவிடுகிறேன்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் மனைவி தகரத்தையும் டப்பாவையும் யூசுப்பின் குதிரைகளையும் அந்தக் கேரியரையும் என் கையில் கொடுத்தார். கேரியரில் என் எட்டுக் குதிரைகள் இருக்கின்றன. யூசுப்பின் நான்கும் தனி அடுக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு நான் சாயம் பூசவில்லை, அது அவன் வேலை. போன வாரம் மூர் மார்க்கெட் பக்கம் போனேன். யானைமேல் பீரங்கி வைத்த பொம்மை ஒன்று, ஒன்றே கால் ரூபாய். கையில் காசும் இருந்தது, கேட்பதற்கு ஆளும் இல்லை. இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

நேற்று மாசி பிறந்தது. ஆணியை எடுத்து என் பெயருக்கு நேரே ஒன்றும் கீறாமல் விட்டேன். யூசுப்பின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, எட்டணாவை டப்பாவில் போட்டேன்.