செவ்வாய்க்கிழமை சவரம்

அன்பான சகோதர சகோதரிகளே, மாதா எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது, தற்பெருமை ஆகிவிடும்.

என் பெயர் ஜெசிந்தா. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் அந்தோணி எலக்ட்ரீஷியன். ஆறு வருடம் சவுதியில் இருந்தார். எங்கள் மகள் பிறந்ததை அவர் போனில்தான் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே வெயிலில் வேலை பார்க்கும்போது மயங்கி விழுந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். இன்னொரு முறை அந்த வெயிலில் நின்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லித்தான் டாக்டர் ஊருக்கு அனுப்பினார்.

ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆனது. ஏறி இறங்காத கம்பெனி இல்லை. நிரந்தரமாக ஒரு வேலை அமையவில்லை. அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் போன் செய்ய ஆரம்பித்தார். "ஜூன் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்க, விசா ரெடியா இருக்கு." இவர் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து டிவி மேல் வைத்தார். நான் அதை எடுத்து உள்ளே வைப்பேன். மறுநாள் அது மறுபடியும் டிவி மேல் இருக்கும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இனி என் தப்பு. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன். "அம்மா, இவருக்கு நம்ம பக்கத்துலயே ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் இவர் முகத்துல கத்தி படாது. கிடைச்ச அன்னிக்கு உன் சந்நிதியில வந்து தாடியை எடுக்குறோம்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியதற்குப் பிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "சரி, சொல்லிட்டல்ல" என்றார். அவ்வளவுதான்.

தவக்காலத்தில் தாடி விடுவது எங்கள் ஊர் ஆண்களுக்கு வழக்கம். ஈஸ்டர் முடிந்ததும் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். இவர் எடுக்கவில்லை. கோயிலில் மற்ற பெண்கள் இவரைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. என் ஜெபம் எவ்வளவு பெரியது என்று ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு அடுத்த மாதம் அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தார். கிடைக்கவில்லை. என்ன கேட்டார்கள் என்றேன். "வழக்கமா கேக்குறதுதான்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். என் ஜெபம் போதவில்லை என்று நினைத்து ஒன்பது நாள் நவநாள் ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் நடுவில் அதே ஆலையிலிருந்து, அதே வேலைக்கு, மறுபடியும் அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. ஏஜெண்டின் கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இது கடைசி வாய்ப்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன். வெளிர்நீலச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். நகம் வெட்டச் சொன்னேன். சான்றிதழ்களைப் புது ஃபைலில் அடுக்கினேன். அதோடு விட்டேனா? கழுத்தை மறைக்கிற அளவுக்கு வளர்ந்திருந்த தாடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்துச் சீவி, நுனியை உள்பக்கமாக மடித்துவிட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நம்பினேன். அவர் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அரியலூரில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். சட்டை கசங்கிச் சுருங்கிப்போயிருந்தது. எனக்கு அப்போதே எரிச்சல். டீக்கடையில் நின்றபோது கையில் ஃபைலோடு ஒரு இளைஞர் எங்களைப் பார்த்து வந்தார். குரும்பலூர்க்காரர், சதீஷ் என்று பெயர். போன தடவை நேர்முகத் தேர்வில் இவரோடு உட்கார்ந்திருந்தவராம், அவருக்கும் மறுபடி அழைப்பு. வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"என்னண்ணே, இந்தத் தடவையும் தாடியோடயேவா வந்துட்டீங்க?"

இவர் கண்ணால் என்னமோ ஜாடை காட்டினார். அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"தாடிக்கு என்ன தம்பி?" என்றேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? தூசி உள்ள போற எடத்துல வேலைங்க. மூஞ்சில ரப்பர் மாஸ்க் மாட்டி, தலை மேல ஒரு கவரைப் போட்டு, உள்ள கசப்பு மருந்தை அடிப்பாங்க. வாயில கசப்பு தெரிஞ்சா மாஸ்க் ஒட்டலைன்னு அர்த்தம். தாடி இருந்தா எங்கிருந்து ஒட்டும்? அண்ணன் மத்த எல்லாத்துலயும் முதல் ஆளா வந்தாரு. சேஃப்டி ஆபீஸர் நல்ல மனுசன், 'நாளைக்குச் சவரம் பண்ணிட்டு வாப்பா, எடுத்துக்குறேன்'னே சொன்னாரு. அண்ணன்தான் போகல."

 டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏங்க சொல்லல?"

"நீ மாதாகிட்ட குடுத்த வார்த்தை ஜெசி. அதை நான் எப்படி ஒடைக்கிறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேலா, என் மேலா, மாதா மேலா என்று இன்றுவரை தெரியாது. கிடைத்த வேலை. கையில் வந்த வேலை. என் வாயால் போயிருக்கிறது. வேலை கிடைக்கும்வரை கத்தி படாது என்று நான் சொன்னேன். கத்தி படாமல் வேலை கிடைக்காது. நானே கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியே நின்று தட்டியிருக்கிறேன்.

"வாங்க, சலூனுக்குப் போவோம்."

"வேணாம். வார்த்தை வார்த்தைதான். கிடைக்கிறது கிடைக்கட்டும்."

"மறுபடி சவுதிக்குப் போயி விழுந்து செத்தா அதையும் மாதாதான் பார்த்துக்கணுமா?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் வந்தார், சதீஷ் தம்பியும் கூடவே வந்தார்.

முதல் சலூன், ஷட்டர் மூடியிருந்தது. அடுத்த தெருவில் இன்னொன்று, அதுவும் பூட்டு. மூன்றாவது பூட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை! அன்றைக்கு எந்தச் சலூன் திறந்திருக்கும்? சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். மணி ஒன்பதே கால் ஆகிவிட்டது. ஆலைக்கு ஆட்டோவில் அரை மணி நேரம். பத்து மணிக்குள் கிளம்பியாக வேண்டும்.

ஒரு பெட்டிக்கடையில் ரேசரும் சின்ன சோப்பும் வாங்கினேன். ஆனால் மூன்று விரல் நீளத் தாடியில் ரேசர் எப்படி ஓடும்? முதலில் கத்தரிக்க வேண்டும். கத்தரிக்கோல் அந்தக் கடையில் இல்லை. ஃபேன்சி ஸ்டோர் பத்து மணிக்குத்தான் திறக்குமாம். சதீஷ் தம்பி ஆட்டோ பிடித்து நிறுத்திவைக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

அந்தத் தெருமுனையில் நின்று நான் செய்ததைத்தான் ஜெபம் என்று சொல்கிறேன். முழங்கால் போடவில்லை, சிலுவை அடையாளம்கூடப் போடவில்லை. "அம்மா, வார்த்தை என்னுது, மூஞ்சி அவருது. கேக்காமலே அவர் மூஞ்சியை வச்சு உன்கிட்ட பேரம் பேசிட்டேன். தண்டனை இருந்தா எனக்குக் குடு. இப்ப எனக்கு ஒரு கத்தரிக்கோல் குடு." இவ்வளவுதான் கேட்டேன். வாழ்நாளில் அவ்வளவு சின்னதாக நான் எதையும் கேட்டதில்லை.

கேட்டு முடித்தபோது தையல் மிஷின் ஓடும் சத்தம் காதில் விழுந்தது. நாலு கடை தள்ளி, பாதி திறந்த ஷட்டருக்குள் ஒரு அக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. அவர் பக்கத்தில் பெரிய கத்தரிக்கோல். ஓடிப்போய் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

"என்னம்மா வெளையாடுறியா? துணி வெட்டுற கத்தரியில முடி வெட்டினா மொன்னையாயிரும். நான் காகிதம் வெட்டக்கூட யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுவும் செவ்வாக்கெழம, கடைக்குள்ள முடியா?"

  அந்த அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கசங்கின சட்டையோடு ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற இவரைப் பார்த்தார். மிஷினிலிருந்து காலை எடுத்து, கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்.

"பின்னால குழாயடிக்குப் போங்க. சட்டையைக் கழட்டிக் குடுங்க தம்பி, இஸ்திரி பொட்டி சூடாத்தான் இருக்கு."

அவரைக் கவிழ்த்த வாளியின் மேல் உட்காரவைத்தேன். தாடியைக் கையில் பிடித்தேன். எந்தத் தாடியைக் கத்தி தொடாது என்று சத்தியம் செய்தேனோ அதை நானே வெட்ட வேண்டியிருந்தது.  "நான் வெட்டுறேன், குடு" என்றார். "வேணாம், சொன்னது நான்" என்றேன். கற்றை கற்றையாகக் கீழே விழுந்தது. சோப்பு நுரை போட்டு ரேசரை வைத்தேன். நான் யாருக்கும் சவரம் செய்தவள் இல்லை. தாடைக்குக் கீழே வெட்டிவிட்டேன். ரத்தம் வழிந்தது. தையல்கார அக்கா ஒரு வெட்டுத்துணியைக் கொண்டுவந்து அழுத்திப் பிடித்தார்.

முகத்தைக் கழுவித் துடைத்தபோதுதான் பார்த்தேன். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. நாலு மாதமாக இந்த மனுஷன் சாப்பாடு இறங்காமல் இளைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் வேண்டுதல் அதை என் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைத்திருக்கிறது. அந்த ஈரமான கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுவாத, நேரமாவுது" என்றார்.

இஸ்திரி போட்ட சட்டை கதகதப்பாக வந்தது. நான்தான் பட்டன் போட்டுவிட்டேன். தையல்கார அக்கா பின்னால் நின்று காலரைச் சரிசெய்தார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சதீஷ் தம்பி நிறுத்திவைத்திருந்த ஆட்டோவில் ஏறினோம்.

ஆலை வாசலில் என்னை உள்ளே விடவில்லை. எதிரே இருந்த மரத்தடியில் ஜெபமாலையோடு உட்கார்ந்தேன். சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஜெபமாலையில் இரண்டாம் பத்து மணிகளைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தப்பியது. ரத்தம் மறுபடி வடிந்து காலரில் பட்டிருக்குமோ? நான் விட்டுவைத்த மயிர் ஏதாவது தாடை ஓரத்தில் இருக்குமோ? வார்த்தை மீறினவளுக்கு மாதா ஏன் இரங்க வேண்டும்? பதினொன்றரைக்கு சதீஷ் தம்பி வெளியே வந்தார். அவருக்கு வேறு பிரிவில் கிடைத்துவிட்டதாம். "அண்ணன் இப்பத்தாங்க்கா மாஸ்க் ரூமுக்குப் போனாரு" என்றார். அதற்குப் பிறகு ஓடின இருபது நிமிடத்தை எப்படிக் கழித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவர் கேட்டைத் தாண்டி நடந்து வந்தார். மூக்கிலிருந்து தாடை வரை மாஸ்க் அழுத்தின தடம் சிவப்பாக வட்டம் போட்டிருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 

"கசக்கல ஜெசி. கொஞ்சம்கூடக் கசக்கல. திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாங்க."

திரும்பும் வழியில் அரியலூரில் இறங்கி அந்தத் தையல் கடைக்குப் போய்ச் சொன்னோம். அக்கா கத்தரிக்கோலைச் சாணைக்குக் கொடுத்துவிட்டு வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தார். சாணைக் கூலியை வாங்க மறுத்துவிட்டார். "உங்க மாதாகிட்ட என்னையும் சொல்லு" என்றார். தினமும் சொல்கிறேன்.

பங்குச் சாமியாரிடம் போய் வேண்டுதலை உடைத்ததைச் சொல்லி அழுதேன். அவர் என்னை மன்னித்து, அதற்குப் பதிலாக உனக்குச் சொந்தமான ஏதாவது ஒன்றைக் கொடு என்றார். திருவிழாவன்று என் தலைமுடியைக் கொடுத்தேன். இப்போதுதான் கழுத்து வரை வளர்ந்திருக்கிறது.

சகோதர சகோதரிகளே, உங்களில் எத்தனையோ பேர் பிள்ளைக்காக, புருஷனுக்காக வேண்டிக்கொண்டு காத்திருப்பீர்கள். நம்பிக் கேளுங்கள். வெட்கப்படாமல், கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். நிபந்தனை மட்டும் போடாதீர்கள். அது நம் அம்மா. நம்மிடம் எதையும் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை.

இவருக்கு இப்போது காலை ஷிஃப்ட். மாஸ்க் ஒட்ட வேண்டும் என்பதால் ஒரு நாள் தவறாமல் சவரம் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறார். நான் அடுப்படியில் நிற்கும்போது முற்றத்தில் அவர் ரேசரைக் குவளையில் தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் என் வீட்டில் இருக்கிறார். நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன்.