வாய் கொப்பளித்துக் காட்டியவர்

காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் கவரைப்பேட்டையிலிருந்து போன் வந்தது. ஏழுமலை அண்ணன் மூச்சுத்திணறி இறந்துவிட்டார். நம் வார்ப்பாலையில் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் உங்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. நான் முதலுதவி அறை நர்ஸ். கேட்டதும் அழுதேன். கோபம் சாவு வீட்டில்தான் வந்தது.

நிர்வாகம் என் அறையை ஸ்டோர் ரூமாக்கப் பார்த்தபோது, "சிஸ்டர் ரூம்ல கை வெச்சா நான் வேலைய நிறுத்திடுவேன்" என்று நின்றவர் அவர். அப்படிப்பட்டவரை நம்பாமல் யாரை நம்புவது?

போன மழைக்காலத்தில் அவருக்கு ஆஸ்துமா முற்றிப் பேச்சே நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஆம்புலன்ஸில் நான்தான் உடன் போனேன். நெபுலைசர் வைத்தும் அடங்காமல், நரம்பில் மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். இறுகிய மூச்சுக்குழாய் தளர்ந்தது. மருந்தின் பெயரைக் கேட்டவர் சிரித்துவிட்டார்.

"நம்ம இரும்பு ஒடையாம இருக்கப் போடறமே, அதானே சிஸ்டர்?"

"அது ஆபத்துக்கு மட்டும்தான் அண்ணா. தினமும் இன்ஹேலர் இழுக்கணும்" என்றேன். சரியென்று தலையாட்டினார்.

அதன்பின் வேலைக்கு வந்ததும் என் அறையில் இன்ஹேலரை இழுத்து, நான் சொல்லித்தந்தபடி வாயும் கொப்பளித்துவிட்டுத்தான் போவார். மற்றவர்களிடம் அவரைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி ஜெயா அக்கா சொன்னார்: "அது மருந்து தீந்துபோன டப்பாம்மா. இழுத்தா பழக்கமாயிடும்னு எப்பவோ உட்டுட்டாரு. மெக்னீசியம் மாத்திரதான் துன்னுக்கினு இருந்தாரு. உங்க மனசு நோவக்கூடாதுன்னு சும்மா இழுத்துக் காட்டுவாரு."

சுற்றி நின்ற நீங்கள் யாரும் திடுக்கிடவில்லை. உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நாடகம் எனக்கு மட்டும்தான்.

மெக்னீசியம் கலந்த இரும்பைக் காக்கவைத்தால் மெக்னீசியம் ஆவியாகி வீணாகும் என்று உங்களுக்குக் கற்றுத்தந்தவரே அவர்தான். "சட்டுனு ஊத்துங்கடா, லேட்டானா போட்டது வேஸ்ட்டு!" என்ற குரல் என் அறைவரை கேட்கும். இரும்பிலேயே நிற்காதது நெஞ்சில் நிற்கும் என்று எப்படி நம்பினீர்கள் அண்ணா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் உயிரோடு இருந்திருப்பீர்கள்.

அந்தக் காலி இன்ஹேலரை அக்காவிடம் கேட்டு வாங்கிவந்தேன். என் மேசைமேல் இருக்கிறது. நேற்று உங்களில் ஒருவர் என் முன்னால் இன்ஹேலரை வாயில் வைக்கப்போனார். கையிலிருந்து வாங்கி, மருந்து இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சிஸ்டர், எம்மேல நம்பிக்க இல்லியா?"

"இல்லை" என்றேன். ஏழுமலை அண்ணன் எனக்கு விட்டுப்போனது அதுதான்.