மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது

பேச்சியக்காவின் கேண்டீனில் ஐந்து மேசைகள். வாரியக் கூட்டம் நடக்கிற நாளில் அதில் இரண்டுக்குத்தான் மதிப்பு. ஜன்னலோர மேசை ஆளும் அணிக்கு, மின்விசிறிக்குக் கீழே உள்ளது எதிரணிக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்பு அக்கா கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்தபோதே அப்படித்தான் இருந்ததாம். கட்சிப் பெயர்கள் அவர் வாயில் வராது. ஜன்னல்காரங்க, விசிறிக்காரங்க. நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

மட்டாஞ்சேரியின் சிறு வியாபாரிகளுக்காக அரசு ஏற்படுத்திய நல வாரியம் அது. பஜாரில் பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் அலுவலகம், கூட்ட அறை, கேண்டீன். கீழே நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடை. மேலே நாற்காலி இழுத்தால் கீழே கேட்கும்.

பேச்சியக்கா சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயதில், கட்டட வேலைக்கு வந்த கணவரோடு கொச்சிக்கு வந்தவர். கணவர் இப்போது வேறு ஊரில் வேறு ஒரு வீட்டில் இருக்கிறார். அதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார், பால் திரிந்துபோனதைச் சொல்கிற குரலில். இடப்பள்ளியில் பெரிய கடைகள் எழும்பிய காலத்தில் சிமென்ட் சட்டி சுமந்திருக்கிறார். பிறகு ஹோட்டலில் பாத்திரம். பிறகு இந்தக் கேண்டீன். மகள் மகா நர்சிங் இரண்டாம் வருஷம்.

சுள்ளிக்கலில் யூசுப் இக்காவின் வீட்டில் ஒரு பகுதியைப் பணயத்துக்கு எடுத்திருந்தார்கள். ஊரில் ஒத்தி என்பதை இங்கே பணயம் என்பார்கள், முஸ்லிம் அண்ணனை இக்கா என்பதுபோல. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது, வீட்டை விடும்போது தொகை திரும்பி வரும். அக்கா கொடுத்திருந்தது மூன்று லட்சம். கெடு முடிகிற மாதம் வந்தபோது, இன்னும் இரண்டு லட்சம் வேண்டும் என்றார் யூசுப் இக்கா. அவர் கெட்டவர் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆறு, ஏழு என்று வாங்க ஆரம்பித்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் தந்தால் மூன்று வருஷத்துக்கு எழுதித் தருகிறேன், இல்லையென்றால் உங்கள் மூன்று லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு ஆள் காத்திருக்கிறது என்றார். மூன்று லட்சத்துக்கு இந்தப் பக்கம் இனி கோழிக்கூடும் கிடைக்காது என்பது அக்காவுக்குத் தெரியும்.

அக்காவிடம் பணம் இருந்தது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஆனால் அது பஜார் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது, சங்கம் மார்ச் மாதமே ஷட்டரை இறக்கிவிட்டது. பெரிய ஆட்களுக்குப் பெரிய கடன் கொடுத்து, திரும்பி வராமல் போன கதை. சங்கத் தலைவர் ஜன்னல் அணிக்காரர். கடன் வாங்கியவர்களில் இரண்டு அணியும் உண்டு.

வாரியம் தன் இருப்பு நிதியிலிருந்து மூன்று கோடி கொடுத்துச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தலாம் என்று தீர்மானம் வந்தது. இருபத்தோரு உறுப்பினர்கள். இருப்பு நிதியைத் தொட வேண்டுமென்றால் பதினோரு கை உயர வேண்டும். ஜன்னல் அணிக்குச் சரியாகப் பதினோரு பேர். விசிறி அணிக்குப் பத்து. தீர்மானம் தோற்க வேண்டும் என்று இருபத்தோரு பேரில் ஒருவருக்கும் ஆசையில்லை. இரண்டு பக்கத்திலும் பணம் போட்டவர்கள் இருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு விசிறிக்காரர்கள் பத்துப் பேரும் கோஷம் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்து நேராகக் கேண்டீனுக்கு வந்தார்கள். இது வழக்கம்தான். ஊழலுக்கு எதிராக வெளியே வந்தாயிற்று, உள்ளே பதினோரு பேர் கை தூக்கித் தீர்மானம் நிறைவேறிவிடும், பணமும் வந்துவிடும், பாவமும் ஒட்டாது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் அணியிலிருந்து இரண்டு பேர் நைசாக எழுந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நம் பணத்தை அடுத்த தெருச் சங்கத்துக்குக் கொடுக்கக் கை தூக்க மாட்டோம் என்று தங்கள் வார்டுக் கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார்களாம். விசிறிக்காரர்கள் சாயா குடித்துவிட்டு உள்ளே திரும்புவார்கள், அவர்களில் ரெண்டு கை போதும் என்பது இந்த இருவரின் கணக்கு.

பழம்பொரி எண்ணெயில் பொங்கிக்கொண்டிருந்தது. வாக்கெடுப்புக்கான மணி அடித்தது. நீளமாக, இரண்டு முறை.

பன்னிரண்டு பேருக்கும் கேட்டது. விசிறி மேசை ஜன்னல் மேசையைப் பார்த்தது. ஜன்னல் மேசை தெருவைப் பார்த்தது. யாரும் எழவில்லை. விசிறி அணித் தலைவர் இசக்கிதுரை, இன்னொரு சாயா கேட்டார். அக்கா ஊற்றினார்.

உள்ளே ஒன்பது கைகள் உயர்ந்தன. தீர்மானம் தோற்றது.

மறுநாள் விடியும்போது பஜார் முழுக்க பேனர். ஏழைகளின் பணத்தைக் கைவிட்டு ஓடிய பத்துப் பேர் என்று ஒன்று. சொந்த அணியையே நம்ப முடியாத தலைமை என்று மற்றொன்று. இரண்டையும் அடித்தது ஒரே கடை. அதனால் இரண்டிலும் அழுகிற பெண்ணின் படம் ஒன்றாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை கப்பலண்டிமுக்கில் ஜன்னல் அணியின் விளக்கக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அதே முக்கில் விசிறி அணியின் விளக்கக் கூட்டம். இங்கே ஒருவர் விளக்கினால் மற்றவர் அதைவிட நான்கு வரிசை நாற்காலி கூடப் போட்டு விளக்கியாக வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. பன்னிரண்டு பேரையும் பார்த்தவர் ஒருத்தர்தான்.

முதலில் வந்தவர் ஜன்னல் அணியின் வெங்கிடேஸ்வரன். பாலக்காட்டுக்காரர், வக்கீல். எல்லோருக்கும் சாமி. கேண்டீனில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தார்.

"நீ ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம், பேச்சி. மணி அடிச்சும் அவா பத்துப் பேரும் எழுந்திருக்கலைன்னு மட்டும் மேடையில சொன்னாப் போறும்."

"சொன்னா பணம் வந்துருமா, சாமி?"

"யாரால போச்சுன்னு முதல்ல ஜனங்களுக்குத் தெரியணுமோல்லியோ."

சாயங்காலம் இசக்கிதுரை. இவர் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளியாக இருந்து தலைவரானவர். அக்காவின் ஊர்ப் பக்கம், பேச்சில் உரிமை கூடுதல். அந்த ரெண்டு பேரும் பழம்பொரி தின்னுக்கிட்டு இருந்தாங்கல்லா, அதை மட்டும் சொல்லு, மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம் என்றார். பணம் வருமா என்று இவரிடமும் அக்கா கேட்டார். யாரால போச்சுன்னு மொதல்ல சனத்துக்குத் தெரியணும்லா என்று இவரும் சொன்னார்.

இரண்டு பேருக்கும் அக்காவின் பதில் ஒன்றுதான். வருகிறேன், ஆனால் பார்த்ததை முழுசாகத்தான் சொல்வேன், பாதி சொல்ல எனக்கு வராது. அதற்கு மேல் இரண்டு பேரும் வற்புறுத்தவில்லை.

அன்று கேண்டீனை மூடிவிட்டுக் கீழே வந்து எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். காலைக் கீழே வைக்காமல் மடித்து உட்காருவார். நின்றே கழிகிற நாளுக்கு அது ஒரு மருந்து. மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. தோற்ற பணத் தீர்மானத்தை ஆறு மாதத்துக்கு மறுபடி எடுக்க முடியாது என்பது வாரியத்தின் விதி. ஆறு மாதம் கழித்து வருகிற பணத்தால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

யார் மேல் தப்பு என்று அவரிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எனக்கும்தான மணி கேட்டுச்சு," என்றார். "எந்திரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நான். உள்ள இருக்கறவங்க போதும்னு எனக்கும் நெனப்பு. ரெண்டாவது சாயாவ நான்தான ஊத்துனேன்."

அந்த மணி எனக்கும் கேட்டிருந்தது. அன்று அதை ஒரு சத்தமாக மட்டும் கேட்டுவிட்டு அடுத்த தாளை இயந்திரத்தில் வைத்திருந்தேன்.

பிறகு அக்கா ஒரு பழைய நாளைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்பு கரண்ட் போய், மின்சார மணி அடிக்காமலேயே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மணி கேட்காத உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்ததும் அது செல்லாது என்று ஆக்கி மறுபடி நடத்தினார்கள். அந்தக் காகிதங்களை நகல் எடுத்தது நாங்கள்தான். எனக்கும் நினைவு வந்தது.

"மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு எழுது," என்றார் அக்கா.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூட்டம் நடக்கும்போது கேண்டீனில் மிக்ஸி போடக் கூடாது என்பது குத்தகையில் உள்ள நிபந்தனை. எட்டு வருஷத்தில் அக்கா அதை ஒரு நாளும் மீறியதில்லை. சட்னிக்கு விடிகாலையிலேயே அரைத்து வைத்துவிடுவார்.

உங்களுக்கு ஏதாவது வந்துவிடாதா என்று கேட்டேன்.

"யார் தலையிலயாவது விழத்தானே செய்யணும். அவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கி எறியுறாங்க, கீழ விழ மாட்டேங்குது. நான் பிடிச்சு வச்சுக்கிடுதேன். பணம் வரட்டும்."

மலையாளத்தில் அடித்து, தமிழில் வாசித்துக் காட்டினேன். கேண்டீன் நடத்தும் பேச்சியம்மாள் ஆகிய நான், வாக்கெடுப்பு நேரத்தில் விதியை மறந்து மிக்ஸியை இயக்கிக்கொண்டிருந்ததால், அங்கிருந்த உறுப்பினர்களுக்கு மணியோசை கேட்கவில்லை என்று உண்மையாகத் தெரிவிக்கிறேன். உண்மையாக என்ற இடத்தில் நான் நின்றேன். அது எல்லாக் காகிதத்திலும் வருகிற வார்த்தைதானே, இருக்கட்டும் என்றார். கையெழுத்தை மெதுவாகப் போட்டார், ஒவ்வொரு எழுத்தாக, தமிழில்.

நகல் ஒன்றை சாமியிடமும் ஒன்றை இசக்கிதுரை அண்ணாச்சியிடமும் அவரே கொண்டு கொடுத்தார். வெங்கிடேஸ்வரன் இரண்டு முறை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இசக்கிதுரை வாசித்துவிட்டு, ஆமா, ஏதோ சத்தம் இருந்துச்சு என்றாராம். ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் அவருக்கு இன்னும் தெளிவாக நினைவு வந்திருந்தது. அன்று மாலைக்குள் பன்னிரண்டு பேரும் மணி கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் கடையில்தான் அடித்தார்கள். இரண்டு அணியும் ஒரே வாசகம்; பெயரை மட்டும் மாற்றினேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போட்ட நாற்காலிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நடக்கவில்லை. பழைய வாக்கெடுப்பு செல்லாது என்று ஆனது. அடுத்த வாரம் மறுபடி நடந்தது. விசிறிக்காரர்கள் கண்டனத்தை வாசித்தார்கள், ஆனால் வெளியே போகவில்லை. வார்டில் வாக்குக் கொடுத்திருந்த அந்த இரண்டு பேருக்கும் அன்று காய்ச்சல். பத்தொன்பது கைகள்.

மூன்று லட்சத்துக்குக் கீழே போட்டிருந்தவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். இருபத்தொன்பதாம் தேதி அக்கா யூசுப் இக்காவின் வீட்டுக் கூடத்தில் இரண்டு லட்சத்தை வைத்தார். மகா எண்ணினாள். யூசுப் இக்கா பத்திரத்தில் மூன்று வருஷம் என்று எழுதி, இருங்கள் சேச்சி, எங்கே போகப் போகிறீர்கள் என்றாராம். அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது, பணம் வந்தபோது வரவில்லை என்று அக்கா சொன்னார்.

வாரியத்தில் விஷயம் முடியவில்லை. ஒரு வாக்கெடுப்பு ரத்தாகியிருக்கிறது, காரணம் பதிவாகியிருக்கிறது, அப்படியானால் நடவடிக்கையும் பதிவாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் கேண்டீன் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தீர்மானம் வந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை. இருபத்தோரு கைகள். அந்த வாரியத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அதற்கு முன்பு ஒன்று உண்டா என்று தெரியாது. நான் நகல் எடுத்தவற்றில் இல்லை.

அக்கா பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சுள்ளிக்கலில் வீட்டு ஜன்னல் வழியாகக் காலையில் இட்லி கொடுக்கலாமா என்று யூசுப் இக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறார். வாசலில் வண்டி நிற்காத வரை சரி என்றிருக்கிறார் அவர். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வந்தவர்களைப் பற்றிச் சொன்னார்.

வெங்கிடேஸ்வரன் வந்திருந்தாராம், ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு. மனசு கேட்கவில்லை, உன்னை அனுப்ப வேண்டாம்னுதான் நான் சொன்னேன், அவாதான் பிடிவாதமா நின்னுட்டா என்றாராம். இரண்டு நாள் கழித்து இசக்கிதுரை. அவர் பழம் கொண்டுவரவில்லை, வருத்தம் மட்டும்தான். எங்க ஆளுக எல்லாம் உன் பக்கம்தான் பேச்சி, ஜன்னல்காரனுவ செஞ்ச வேலை இது.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சாயா போட்டுக் குடுத்தேன். குடிச்சு முடிக்கட்டும்னு இருந்துட்டு, கை தூக்குனீங்களா இல்லையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"தூக்குனேன், ஆனான்னு ஆரம்பிச்சாங்க. தம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்."