நாலு சொட்டு மிஷின் எண்ணெய்

ராஜபாளையத்து நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு வரைக்கும் வரும். ஆனால் ஓடுகிற மிஷினில் நூல் சுற்றும் கதிர்களில் எது கரகரக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பழுது பார்க்கிற பிட்டர் வந்து பிரித்தால் நான் சொன்ன இடத்தில்தான் பழுது இருக்கும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லை என்றால் பொய்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகளுக்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் அவளுக்குக் கடைசி வருஷம். பிராஜக்ட் என்று ஆறு மாதமாக அதில் எழுதிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் வீண். பிளாப்பித் தட்டில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. எழுதியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொத்தானை அமுக்கினாள். டக், டக், டக் என்று ஒரு சத்தம். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. செத்த நேரத்தில் பெட்டி தானாக அணைந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி டக், டக். இந்தத் தடவை எழுத்து வருவதற்குள் அணைந்துவிட்டது. அவள் முகம் வெளிறிப் போயிற்று.

நானும் பயந்தேன். அதற்கு வேறு காரணம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கீச்சென்றால் எண்ணெய், இதுதான் மில்லில் நான் கற்றது. அவள் காலேஜுக்குப் போனதும் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பின்பக்கத்துச் சல்லடை வழியாக நாலு சொட்டு விட்டேன். மறுநாள் சத்தம் இல்லை. “யம்மா, அது தானா நின்னுருச்சு,” என்றாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றி, பொத்தானை அமுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“டிஸ்க்கு அடிக்குது. போச்சு. வேற போடணும்.”

“அப்ப உள்ள உள்ளது, அண்ணே?” என்றாள் மகள்.

“அம்புட்டும் போயிரும்மா.”

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதிருந்தாலாவது தேவலை.

எனக்குக் கேட்ட சத்தமோ வேறு. அது பெட்டியின் பின்கோடியிலிருந்து வந்தது. அங்கேதான் நான் எண்ணெய் விட்டிருந்தேன். வாயைத் திறந்தால் குற்றவாளி நான்தான் என்று ஆகிவிடும். மெக்கானிக் திருப்புளியை எடுத்து டிஸ்க்கைக் கழற்றக் குனிந்தார். முதல் திருகு வந்தது. இரண்டாவது திருகும் அசைந்தது.

“நில்லு தம்பி. அந்தத் திருப்புளியக் குடு.”

“அக்கா, இது நூல் மில்லு இல்ல.”

“அதான் கேக்கேன். குடு. மறுபடி கரண்டப் போட்டு விடு.”

மரப்பிடியைக் காதில் வைத்து, நுனியை டிஸ்க்கின் மேல் லேசாகத் தொட்டேன். பம்பரம் தூங்குகிற மாதிரி ஒரே சீரான ஓட்டம். பின்னால், பெட்டிக்குக் கரண்டு கொடுக்கிற டப்பாவின் மேல் வைத்தேன். டக், டக் என்று காதுக்குள் இடித்தது.

“இங்கனதான் இடிக்குது. டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல.”

அவரும் காதை வைத்துப் பார்த்தார். கரண்டைப் பிடுங்கிவிட்டு டப்பாவைப் பிரித்தார். உள்ளே விசிறியின் இறக்கையெல்லாம் கறுத்துத் திரண்ட பஞ்சு. எங்கள் தெரு மில்லுக்குப் பின்தெரு, காற்றெல்லாம் பஞ்சுதான். விசிறி பஞ்சில் இடித்து, சுற்ற முடியாமல் டப்பா சூடாகி, பெட்டி அணைந்திருக்கிறது. அவர் பஞ்சை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“எண்ணெ பிசுபிசுங்குது. எவன் ஊத்துனான்?”

“நாந்தான்.”

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எண்ணெய் பட்ட இடத்தில் பஞ்சு ஒட்டும், உடனே துடைக்க வேண்டும் என்று மில்லில் புதிதாகச் சேர்ந்தவளுக்கும் தெரியும். எனக்கு மறந்துபோயிற்று.

துடைத்தும் விசிறி முழுதாகச் சுற்றவில்லை. “புது விசிறி நாளைக்குத்தான் கெடைக்கும். அது வரைக்கும் தாங்குமான்னு சொல்ல முடியாது. இப்பவே எடுத்துரு,” என்றார் அவர். மேசை விசிறியைத் திறந்த பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தேன். மகள் பிளாப்பியைச் செருகினாள். ஒன்று முடிந்தது. இரண்டு. மூன்றாவதில் திரை ஒரு தரம் நடுங்கிற்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்; கோபத்திலா பயத்திலா தெரியவில்லை. நாலாவது வெளியே வந்த பிறகுதான் கையை விட்டாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். நான் பிளாப்பிகளை எடுத்து அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அச்செடுத்த கட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், தையல் மிஷினில் எண்ணெய்க் குப்பியைக் காணவில்லை. எங்கே வைத்தாய் என்று இன்றுவரை அவளிடம் நான் கேட்கவில்லை.