‘மே பாசிப்ளி’ நயினார்

பத்மராஜ் நயினாரிடம் மணி கேட்டால், கடிகாரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "பத்து இருக்கலாம்" என்பார். மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்து, "வெளியே தூறல் மாதிரி தெரியுது" என்பார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் குமாஸ்தா. நான் பார்சல் கட்டி அனுப்புகிறவன். ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தோம். அவர் தயக்கமில்லாமல் சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம், "பசிக்குது" என்பதுதான். சமண வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும்.

முதலில் அவர் அப்படி இருந்தவர் இல்லை. அறுபத்தாறாம் வருஷம் பம்பாய்க் கடை ஒன்று ஒரு கல்யாணத்துக்காக ஆறு புடவை கேட்டு எழுதியிருந்தது. இளம் ரத்தம், நயினார் ஆங்கிலத்தில் ‘வில் டெஃபினட்லி ரீச்’ என்று எழுதி அடியில் கையெழுத்தும் போட்டார். அந்த ஐப்பசியில் பதினொரு நாள் மழை விடவில்லை. சாயம் தோய்த்த நூல் காயவே இல்லை. புடவை பம்பாய் போய்ச் சேர்ந்தபோது மணப்பெண் புகுந்த வீட்டில் சமையல் பொறுப்பை ஏற்றிருந்தாளாம். கடைக்காரர் நயினாரின் கடிதத்தையே திருப்பி அனுப்பினார். ‘டெஃபினட்லி’யின் கீழே மூன்று சிவப்புக் கோடு.

சங்கத் தலைவர் வரதராஜன் அதை நிர்வாகக் கூட்டத்தில் நயினாரையே படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "அந்தக் கோடு போட்ட வார்த்தைய மட்டும் இன்னொரு வாட்டி படிங்க நயினாரே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நயினார் மதராஸ் போய் ஒரு பழைய ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கி வந்தார். ஒரு மாதம் அதை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் பார்சலுக்குச் சணல் சுற்றும்போது பாடம் எனக்கும் நடக்கும்.

"பாருங்க, ‘வில்’னா வாக்குக் குடுத்தாச்சு. பக்கத்துல ‘ப்ராபப்ளி’ போட்டா அதே வாக்கு, ஆனா கையில ஒரு குடை. ‘மே’ன்னா நடக்கலாம். ‘மே வெல்’னா நடக்கிற பக்கம் சாய்ஞ்சிருக்குது. ‘மே பாசிப்ளி’ன்னா ஏதோ கொஞ்சம் இருக்குது. ‘மைட் பாசிப்ளி’ன்னா சாமி புண்ணியம்."

"அப்போ ‘மே ப்ராபப்ளி’?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"சேராது! ‘ப்ராபப்ளி’ வேணும்னா ‘வில்’லோட வரணும். ‘மே’வுக்கு ஜோடி ‘பாசிப்ளி’." சம்பந்தம் பேசுகிறவர் கோத்திரம் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

எதையும் ‘ஒருவிதத்தில் இருக்கலாம்’ என்றே சொல்ல வேண்டும் என்பது தங்கள் சமயத்திலேயே உண்டு என்றும் அவர் சொல்லிக்கொள்வார். திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த அவருடைய தாயார் மதனவதி அம்மாளுக்கு அது பிடிக்காது. "அது மோட்சத்துக்குப் பேசுறதுடா. சோறு வேணுமா வேணாமான்னு கேட்டா ஒழுங்கா பதில் சொல்லு" என்பார்.

அறுபத்தொன்பது ஆடியில் நயினார் ஒரு பட்டியலும் தயாரித்தார். எந்தத் தறியிலிருந்து புடவை எப்போது வரும் என்று வெளியூருக்கு எழுத வேண்டியிருக்கிறதல்லவா? ஒவ்வொரு நெசவாளர் பெயருக்கு நேராகவும், அவரைப் பற்றி எழுத வேண்டிய வார்த்தையைக் குறித்து வைத்தார். ராமலிங்கத்துக்கு ‘வில் ப்ராபப்ளி’. கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வை நெசவில் கெட்டிக்காரரான துரைக்கண்ணுவுக்கு ‘மைட் பாசிப்ளி’.

பட்டியல் மேசை இழுப்பறைக்குள்தான் இருந்தது. ஆனால் என் வாய் இழுப்பறை இல்லை. ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ராமலிங்கம், "நாங்கல்லாம் வில்லுப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை துரைக்கண்ணு சங்கத்துக்கு வந்துவிட்டார்.

"இன்னா நயினாரே, எம் பேருக்கு நேரா ‘மைட்டு’ன்னு எழுதிக்கினு இருக்கீங்களாமே?"

"அது திட்டு இல்லீங்க. ‘ஒருவேளை வரக்கூடும்’னு அர்த்தம்."

"அதத்தான் எம் பொண்டாட்டி தெனம் தமிழ்லயே சொல்றாளே. அதுக்கு எதுக்குப்பா இங்கிலீஷு?"

ஆறு மாதத்தில் எத்தனை தடவை தாமதம் என்று நயினார் தேதியோடு சொன்னார். துரைக்கண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வருஷம் நவம்பரில் டெல்லியிலிருந்து ஒரு தந்தி வந்தது. அங்கே ஒரு கண்காட்சி. அரக்குக் கரை போட்ட மயில்கழுத்து நிறக் கோர்வைப் புடவை ஒன்று டிசம்பர் பத்துக்குள் வேண்டும். முடியுமா முடியாதா என்று ஒரே வார்த்தையில் பதில் தந்தி கொடுக்கவும்.

நயினார் தந்தியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ‘பாசிப்ளி’க்கு இடமே இல்லை. அவர்கள் கேட்ட கரையை நெய்யத் தெரிந்தவரோ துரைக்கண்ணு ஒருவர்தான். வரதராஜன், "நேர்ல போய்க் கேட்டுக்கினு வாங்க" என்றார். நானும் கூடப் போனேன்.

துரைக்கண்ணு வீட்டில் தறி ஓடவில்லை. கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் வலது ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக் கட்டையைத் தள்ள வேண்டும். பதினாறு வருஷமாக அந்த ஓரத்தில் உட்கார்ந்தவர் துரைக்கண்ணுவின் மனைவி அம்சவேணி. இப்போது தோளில் மஞ்சள் பற்றுப் போட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தார். தை மாதத்திலிருந்தே வலது கையைத் தூக்க முடியவில்லை. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

"ஏன் சொல்லலை?" என்று நயினார் கேட்டார்.

"நீங்க தேதிதானே கேட்டீங்க?" என்றார் துரைக்கண்ணு.

நயினார் குனிந்து தறியின் வலது ஓரத்தைப் பார்த்தார். அவர் பட்டியலில் ஆறு வகை வார்த்தை இருந்தது, காரணம் எழுத ஒரு கட்டம்கூட இல்லை. பிறகு அவர் கேட்டதை நம்ப முடியாமல் நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"அந்த ஓரத்துல நான் உக்காரட்டுமா? காலைல ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும்."

அம்சவேணி வலியையும் மறந்து சிரித்துவிட்டார். "பேனா புடிக்கிற கையிது. நாடா எங்க போவும்னு சொல்ல முடியாது சாமி."

"எங்கயோ போவலாம்" என்று நயினாரும் ஒத்துக்கொண்டார். ஆனால் துரைக்கண்ணு தலையாட்டியதும் நேரே தபாலாபீசுக்குப் போய் ‘யெஸ்’ என்று தந்தி அடித்தார்.

முதல் நாலு நாள் வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. நயினார் தள்ளிய நாடா ஒருமுறை துரைக்கண்ணுவின் முழங்காலில் பட்டது. இன்னொருமுறை நூலை அறுத்தது. அம்சவேணி சுவரோரம் இருந்தபடியே, "மெதுவா... இழுக்காதீங்க... இப்போ, இப்போ!" என்று சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் நாள் நாடா போக வேண்டிய இடத்துக்குப் போனது. பக்கத்து வீட்டு கங்கையம்மாள் தன் தறியை நிறுத்திவிட்டு மத்தியானம் மூன்று மணி நேரம் அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்பதரைக்குச் சங்கத்துக்கு வரும் நயினாரின் வேட்டியில் அரக்கு நூல் ஒட்டியிருக்கும். ராமலிங்கம், "இன்னா நயினாரே, நீங்க ‘வில்’லா ‘மைட்’டா?" என்பார். நயினார் அந்த நூலைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கடிதத்தைப் பிரிப்பார்.

டிசம்பர் ஐந்தாம் தேதி புடவை தறியிலிருந்து இறங்கியது. நானே கட்டி அனுப்பினேன். எட்டாம் தேதி டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது.

சந்தோஷத்தில் நயினார் பட்டியலை எடுத்து, துரைக்கண்ணுவை ‘வில்’லுக்கு ஏற்றுவதாகச் சொன்னார். துரைக்கண்ணு பதறிப்போனார். "வேணாம் நயினாரே! ‘வில்’லு ஆயிட்டா மாசாமாசம் வந்து கதவைத் தட்டுவீங்க. என்னை அங்கயே வுட்டுடுங்க."

பொங்கல் கழிந்ததும் டெல்லியிலிருந்து அதே மாதிரி இரண்டு புடவை கேட்டுக் கடிதம் வந்தது. இந்தத் தடவை நயினார் அம்சவேணியிடம் போய்க் கேட்டார். கை கொஞ்சம் தேறியிருந்தது. "பங்குனிக்குள்ள ஆவலாம். கை என்னா சொல்லுதோ" என்றார் அவர்.

நயினார் பதில் எழுதினார். மார்ச்சுக்குள் ‘மே வெல் பி ரெடி’. இரண்டாவது நெசவாளர் அம்சவேணியின் தோளுக்கு வைத்தியம் நடப்பதால் அதற்கு மேல் உறுதி கூற இயலவில்லை. கையெழுத்துக்குப் போன இடத்தில் வரதராஜன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருய்யா ரெண்டாவது நெசவாளர்? நம்ம பதிவேட்டுல அப்படி யாரும் இல்லையே."

"பதிவேட்டுல இல்லீங்க. தறியில இருக்காங்க" என்றார் நயினார்.

அதில் ஒரு ‘லாம்’ கூட இல்லை. வரதராஜன் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, துரைக்கண்ணுவின் பெயருக்குக் கீழே அம்சவேணியின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

சேதி சொல்ல நாங்கள் போனபோது அம்சவேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டெல்லிக்குப் போகும் கடிதத்தில் தன் பெயர் எது என்று கேட்டார். நயினார் காட்டினார்.

"இங்கிலீஷ்ல எம் பேருக்கு எத்தினி எழுத்து?"

"எட்டு."

"இவருக்கு?"

"பத்து."

அம்சவேணி தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "ஓரத்துல குந்தி கை ஒடிஞ்சது நானு. எழுத்து உனக்கு ரெண்டு கூடவா?" என்று சொல்லிவிட்டு, கீரைத் தண்டை எடுத்து அவர்மேல் எறிந்தார்.